காவேரிப்பட்டணம் முதல் சான் பிரான்சிஸ்கோ வரை: டிக்கெட்டில் அச்சாகாத மணி நேரங்கள்

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தேடினால், ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் என்றும், நேரடியாகப் பறந்தால் 17 மணி நேரம் என்றும் விடை வருகிறது. இரண்டும் சரியான எண்கள்தாம். ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் புறப்படும் அறுபது வயதுக்காரர்களுக்கு அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. கடந்த ஜனவரியில் என் மகளின் பிரசவத்துக்காக நான் புறப்பட்டபோது, காவேரிப்பட்டணத்தில் என் வீட்டைப் பூட்டியதிலிருந்து மகள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் வரை இரண்டு நாட்களுக்கும் மேலாயிற்று. டிக்கெட்டுக்குக் கொடுத்தது போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கைப்பணம் போயிற்று. எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இவற்றை முன்கூட்டியே சொல்ல எனக்கு யாரும் வாய்க்கவில்லை என்பதால், அடுத்துக் கிளம்புகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்தால், பெங்களூரிலிருந்து கிழக்கே பசிபிக் பெருங்கடலைக் கடந்து கலிபோர்னியாவுக்குப் போவதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். உருண்டையான பூகோள மாதிரி ஒன்றின் மேல் பெங்களூரில் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கடலை விட்டு விலகி, மேலே ஏறி, வட துருவப் பகுதியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும். இரண்டு ஊர்களும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதே காரணம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த இரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானத்தைத் தொடங்கியபோது, முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டிய முதல் பயணம் துருவப் பகுதியைக் கடந்து வந்ததாகப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், உலகில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வழியில்லை. நாம் போகும் 14,000 அந்த எல்லையில் முக்கால் பங்கை நெருங்குகிறது.

பெரிய விமானங்கள் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, காற்றும் வழியும் நாளுக்கு நாள் மாறும் என்பதால், தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டிக்கொண்டால் பெரும்பாலும் விமான நிறுவனங்கள் அறிவிக்கும் நேரத்துக்கு அருகில் வந்துவிடும். 14,000 கிலோமீட்டருக்கு 17 மணி நேரம் வருவது இப்படித்தான். இதே கணக்கை இடையில் இறங்கி ஏறும் பயணங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். துபாய் வழியாகப் போனால் 2,700 கிலோமீட்டரும் பிறகு 13,000 கிலோமீட்டரும் ஆகின்றன. சிங்கப்பூர் வழியென்றால் 3,200-ம் 13,600-ம். பிராங்க்ஃபர்ட் வழியென்றால் ஏறத்தாழ 7,400-ம் 9,150-ம். ஆக, எந்த வழியில் சுற்றினாலும் வானத்தில் கூடுவது மூன்று நான்கு மணி நேரத்துக்குள்தான். நம் நேரத்தை விழுங்குவது தரையில் காத்திருக்கும் நேரம். டிக்கெட் விலையைப் பார்க்கும் கண் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

ஒரே இரண்டு ஊர்களுக்கு இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு நேரம் சொன்னால் அதற்கும் காரணம் உண்டு. 2022 பிப்ரவரியிலிருந்து ரஷ்ய வான்வெளியில் ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்கள் பறப்பதில்லை. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. வழி மூடப்பட்டவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, சில சமயம் எரிபொருள் நிரப்ப நடுவில் இறங்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடங்களுக்கு முன்பு போய்வந்த கணக்கை நம்ப வேண்டாம். நீங்கள் போகும் மாதத்தின் அட்டவணையைப் பாருங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு டிராவல்ஸில்தான் டிக்கெட் எடுத்தேன். அதிகாலை 4 மணிக்குப் பெங்களூரில் புறப்பட்டு, வளைகுடா நகரம் ஒன்றில் இரண்டரை மணி நேரம் நின்று, அன்றைக்கே பிற்பகல் 1 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கலாம் என்றார்கள். "இறங்கி ஏறுறது மட்டும்தான் டீச்சர், மத்ததெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க" என்று அந்த இளைஞர் உறுதியாகச் சொன்னார். மற்ற இடங்களில் கேட்டதைவிட ரூ.18,000 குறைவாக இருந்தது. அது ஒரே டிக்கெட் அல்ல, இரு வேறு நிறுவனங்களிடம் தனித்தனியாக எடுத்து ஒட்டவைத்த இரண்டு டிக்கெட்டுகள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த தாளில் எல்லாம் ஒரே பக்கத்தில் அழகாக அச்சாகியிருந்தன. இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது எனக்குத் தெரியும்: ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பி.என்.ஆர். என்ற முன்பதிவுக் குறியீடு பயணம் முழுமைக்கும் ஒன்றுதானா, இ-டிக்கெட் எண் இரண்டு விமானங்களுக்கும் பொதுவானதா, பெட்டிகள் கடைசி ஊர் வரை நேராகப் போய்ச் சேருமா என்று கேளுங்கள். பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே முன்பதிவாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் தருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டாக இருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. டிக்கெட் அத்தோடு முடிந்தது.

டிக்கெட்டில் அச்சாகியிருந்த மொத்த நேரம் 22 மணி 30 நிமிடம். ஆனால் காவேரிப்பட்டணத்திலிருந்து தேவனஹள்ளியில் உள்ள பெங்களூர் விமான நிலையம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, சூளகிரி, ஓசூர் என்று அத்திப்பள்ளி வரை ஓரளவு கணக்காகப் போய்விடலாம். அதற்குப் பிறகு பெங்களூர் நகரத்தின் தெற்கு முனையில் நுழைந்து வடக்கு முனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், அங்குதான் நேரம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. மாலை 5 முதல் 9 வரை சில்க் போர்டு, ஹெப்பாள் பக்கம் மாட்டிக்கொண்டால் நகர்வது கடினம். வழி தெரிந்த ஓட்டுநர்கள் அத்திப்பள்ளியிலிருந்து சர்ஜாபுரம், ஹொசகோட்டை, பூதிகெரே என்று நகரத்தைத் தொடாமல் போகிறார்கள். தூரம் சற்றுக் கூடினாலும் நிம்மதி. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஓசூர் வழிப் பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி வரை வந்து, அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்தில் ஏறலாம், ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளோடு தனியாக வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும் என்பதால், முந்தைய நாள் இரவு 8 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டேன். இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள்: வெள்ளிக்கிழமை அதிகாலை 4 மணி விமானம் என்றால் வியாழக்கிழமை இரவே கிளம்ப வேண்டும். டிக்கெட்டில் உள்ள தேதியை மட்டும் ஓட்டுநரிடம் சொல்லாதீர்கள். "வியாழன் ராத்திரி எட்டு மணி" என்று கிழமையும் பொழுதும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செக்-இன் கவுன்டரில்தான் முதல் அதிர்ச்சி. பெட்டிகளில் கட்டிய சீட்டு வளைகுடா நகரத்தின் பெயரோடு நின்றுவிட்டது. அங்கே பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்று கவுன்டரில் இருந்த பெண் சொன்னபோது என் கைகள் நடுங்கின. இரண்டரை மணி நேரத்தில் அது முடியக்கூடிய காரியமில்லை என்று அவர் முகமே சொல்லிற்று. அதற்கு மேல் மூடுபனியும் சேர்ந்துகொண்டது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தேவனஹள்ளியில் விடியற்காலையில் பனி இறங்குவது வழக்கம். அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தின் வால் பகுதிகூடத் தெரியவில்லை. 4 மணி விமானம் 7 மணிக்கு மேல்தான் கிளம்பியது. அந்த மாதங்களில் போகிறவர்கள் இரவு பத்துப் பதினொரு மணிக்குள் புறப்படும் விமானம் கிடைக்குமா என்று பாருங்கள். விடியற்கால விமானம்தான் என்றால், இடையில் ஐந்து மணி நேரமாவது இருக்கும்படி எடுங்கள்.

நான் போய் இறங்கியபோது அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பெரும் பாரமாக இருந்தது. கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். பெட்டிகளை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருந்ததால் பணம் கட்டி அங்கேயே விசா வாங்க முடிந்தது. அந்த விசா இல்லாதவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கும். மலையாளம் பேசிய துப்புரவுப் பணியாளர் ஒருவர், தன் வேலையை நிறுத்திவிட்டு என்னை உரிய கவுன்டர் வரை அழைத்துச் சென்றார். சக்கர நாற்காலி உதவிக்குச் சொல்லியிருந்ததும் முதல் டிக்கெட்டோடு முடிந்துவிட்டதால், ஒருவரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

புது டிக்கெட் வாங்கப் போனபோது அடுத்த சிக்கல். என் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யவில்லை. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதியின்படி, வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டு இயக்கிவிட்டால்தான் அட்டை அங்கே வேலை செய்யும். வங்கிச் செயலியில் இரண்டு நிமிட வேலை, ஆனால் அதற்கும் ஓ.டி.பி. வர வேண்டும். என் சிம்மில் ரோமிங் இல்லாததால் ஓ.டி.பி. வரவில்லை. விமான நிலைய வைஃபையில் நான் வாட்ஸ்அப் குறுஞ்செய்தி அனுப்ப, மகள் அங்கிருந்தே மறுநாள் காலை 9 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாள். அதற்கு ரூ.90,000-க்கு அருகில் ஆயிற்று. விசாவுக்கும் ஓர் இரவு அறைக்கும் மேலும் ரூ.15,000-க்குக் குறையாமல் செலவாயிற்று. புறப்படுவதற்கு முன்பே ரோமிங்கை இயக்கி, அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மகள் அல்லது மகனின் முகவரி, தொலைபேசி எண், டிக்கெட், விசா ஆகியவற்றின் தாள் நகலைக் கைப்பையில் வையுங்கள். பேட்டரி தீர்ந்த கைப்பேசியைக் காட்டி எந்தக் கவுன்டரிலும் நிற்க முடியாது.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் சொல்லியிருந்தபடி அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அதுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. பெட்டியில் போட்டால் சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடும் வாய்ப்பு உண்டு, பெட்டி கைக்கு வராமலே போகவும் கூடும். மருத்துவரின் சீட்டையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மாறும்போது எப்போது எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கைக்கடிகாரத்தை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவைத்து, கலிபோர்னியாவில் தரையிறங்கும் வரை அதைப் பார்த்தே சாப்பிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சோறும் ராகி முறுக்கும் எதிர்பாராத அந்த ஒரு நாளைத் தள்ள உதவின. பயணம் எத்தனை மணி நேரம் என்று டிக்கெட் சொல்கிறதோ, அதற்கு மேல் இரண்டு நாளுக்கான மருந்தாவது கையில் இருக்கட்டும்.

மறுநாள் விமானம் பதினாறு மணி நேரம் பறந்தது. முன் இருக்கையின் திரையில் ஈரான், ரஷ்யா, வடதுருவப் பக்கம், கனடா என்று கோடு வளைந்து போவதைப் பார்த்தபோது, நூலை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிய வளைவு கண்முன்னே நடந்தது. காலை 9 மணி வெயிலில் கிளம்பிய விமானம் சில மணி நேரத்தில் முழு இருட்டுக்குள் போயிற்று. ஜனவரியில் அந்த வடக்கில் சூரியனே எழுவதில்லை. ஜன்னல் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தால் இறக்கையின் முனை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. பிறகு மறுபடி பகலாகி, அதே தேதியில் பிற்பகல் 1 மணிக்கு இறங்கினோம். கடிகாரப்படி நான்கு மணி நேரம்தான் கழிந்திருந்தது, உடலுக்குத் தெரிந்தது பதினாறு மணி நேரம். இவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால், நடைபாதை ஓர இருக்கையை முன்பே கேட்டு வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் கழிப்பறைக்குப் போக வேண்டாமே என்று நம்மவர்கள் நினைப்பது உடலுக்குக் கேடு.

இறங்கியவுடன் பயணம் முடிந்துவிடவில்லை. இமிகிரேஷன் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், பெரும்பாலும் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கச் சோதனையைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் உள்நாட்டில் வேறு ஊரில் இருந்தால், அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை ஏற்காதீர்கள். நம் கிருஷ்ணகிரி மாம்பழத்தில் ஒன்றையாவது பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று எண்ண வேண்டாம். கதிர்வீச்சு முறையில் பதப்படுத்தி முறையாக ஏற்றுமதியாகும் பழத்துக்குத்தான் 2007 முதல் அங்கே அனுமதி. ஊறுகாய், பொடி, முறுக்கு எதுவானாலும் உணவுப்பொருள் இருக்கிறது என்று படிவத்திலோ வாயாலோ சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதமும் தாமதமும்.

நேர வேறுபாடு குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள்; நவம்பர் முதல் ஞாயிறு வரை வேறுபாடு பன்னிரண்டரை. நம் பகல் அவர்களுக்கு இரவு என்பதால், உடல் பழகப் பத்து நாட்களுக்கு மேலாகிறது. பிரசவத்துக்குப் போகிற தாய்மார்கள் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே போய்ச் சேருங்கள். நான் ஒரு நாள் தாமதமாகப் போனபோதும் பேத்தி பிறக்கப் பன்னிரண்டு நாட்கள் மிச்சமிருந்தன. இல்லாவிட்டால், நள்ளிரவில் கண்விழித்துப் பகலில் தலைசாயும் நிலையில் பிள்ளைபெற்றவளுக்கு நான் என்ன செய்திருக்க முடியும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

திரும்பி வரும்போது தேதி வேறு விதமாக மாறுகிறது. போகும்போது அதே நாளில் இறங்கிய நாம், வரும்போது தேதியில் இரண்டு தாண்டிப் போகிறோம். கோடைக்காலத்தில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அங்கே புறப்பட்டு பதினேழரை மணி நேரம் பறந்தால், பெங்களூரில் திங்கட்கிழமை அதிகாலை 3 மணி. ஞாயிறு இரவே ஓட்டுநர் காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்பியாக வேண்டும். இந்த முறை மகள் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுத்தாள், பெட்டிச் சீட்டில் பெங்களூர் என்று இருப்பதைக் கவுன்டரிலேயே படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

போன பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தேன். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் தவறிய விமானத்துக்கு இழப்பீடு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். காப்பீடு எடுக்கும்போது அந்த விதி எந்தப் பக்கத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்க வேண்டும். டிராவல்ஸ்காரர் தன் பொறுப்பில்லை என்று கைவிரித்தார். பயணம் செய்யாத டிக்கெட்டிலும் விமான நிலைய வரிகளைத் திரும்பக் கேட்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னதால், இரண்டாவது நிறுவனத்துக்கு பி.என்.ஆர்., இ-டிக்கெட் எண், முதல் விமானம் தாமதமானதற்கான சான்று மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தத் தாமதச் சான்றை முதல் நிறுவனத்தின் கவுன்டரில் அன்றைக்கே கேட்டு வாங்குவதுதான் எளிது. பிறகு கேட்டால் அலைய வேண்டியிருக்கிறது. பல மாதங்கள் கழித்து வரிப்பகுதியாக ரூ.6,000 சொச்சம் என் கணக்கில் வந்து சேர்ந்தது.